பழியெல்லாம் தெசாங்கா மேல்

கிகிந்தா,
அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த கூம் ஓஸ்தோயாவுக்கு,

தெசாங்கா எழுதுகிறேன். நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் கனடாவில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் என்ன செய்ய முடியும்? அதனால் அதை விட்டுவிடுகிறேன். நீங்களும் ஸ்லாவ்காவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே பூசணி அறுவடை முடிந்தது. சதுக்கத்து மரங்களில் ஆந்தைகளும் வந்து உட்கார்ந்தாயிற்று. மிலென்கோ போன பிறகு எனக்கு இது முதல் இலையுதிர்காலம்.

மார்ச்சில் நீங்கள் சொல்லி அனுப்பிய மலர்வளையம் வந்து சேர்ந்தது. நாடாவில் 'ஓஸ்தோயா' என்று அச்சடிப்பதற்குப் பதில் 'ஆஸ்திரியா' என்று அச்சடித்துவிட்டார்கள். அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம், ஒரு தேசமே வளையம் அனுப்புகிற அளவுக்கு மிலென்கோ அப்படி என்ன செய்தார் என்று என்னைக் கேட்டார்கள். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. பக்கத்தில் திரும்பி அவரிடம் சொல்லப் பார்த்தேன். அப்போதுதான் முதல் தடவையாக அழுதேன்.

குறை சொல்ல இதை எழுதவில்லை, கூமே. ஓர் உதவி கேட்டு எழுதுகிறேன். எங்கள் கல்யாணத்தில் எனக்கும் அவருக்கும் நடுவில் மெழுகுவர்த்தி பிடித்துச் சாட்சி நின்று கூம் ஆனவர் நீங்கள். நீங்களும் அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டதால் அந்தச் சாட்சி ரத்தாகிவிடவில்லை என்று நினைக்கிறேன்.

விஷயம் இதுதான். எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்து நீங்கள் இரண்டு பேரும் உண்டாக்கினீர்களே, அக்கார்டியன் ரீடுகளுக்குச் சுருதி பார்க்கிற புரோகிராம், 'காது' என்று பெயர் வைத்தீர்களே, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. பின்லாந்திலும் பிரேசிலிலும் அக்கார்டியன் பழுது பார்க்கிறவர்கள் அதை வைத்துத்தான் வேலை செய்கிறார்களாம். யாரும் காசு கொடுப்பதில்லை, யாரும் காசு வாங்குவதில்லை, சண்டை மட்டும் எல்லோரும் போடுகிறார்கள். அந்தக் கூட்டம் இப்போது ஒரு முடிவு எடுத்திருக்கிறது. பழைய பதிவறையைப் பூட்டிவிட்டு எல்லாவற்றையும் கிட் என்கிற புதிய பதிவறைக்கு மாற்றப் போகிறார்கள். ஆமாம், அதே கிட்தான். புனித நிக்கோலா பண்டிகை மேசையில் உட்கார்ந்து, மாற்றியே தீரவேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்களே, அதே. மிலென்கோ, "என் பொணத்து மேல ஏறிப் போய் மாத்துங்கடா" என்று கத்தினாரே, பாருங்கள், சொன்னபடியே ஆகிவிட்டது.

எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன், தப்பிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். புரோகிராமில் யார் எந்த மாற்றம் செய்தாலும், அவர் பெயரையும் என்ன செய்தார் என்று ஒரு வரிக் குறிப்பையும் பதிவறை எழுதி வைத்துக்கொள்ளும். பழையதில் வீட்டுப்பெயர் மாதிரி ஒரு சின்னப் பெயர் போதும். புதியதில் முழுப்பெயர் வேண்டுமாம். அதனால் மாற்றுவதற்கு முன்னால், எந்தச் சின்னப் பெயர் எந்த மனிதர் என்று எல்லோரையும் கேட்டு எழுதுகிறார்கள். அப்படித்தான் எனக்கும் கடிதம் வந்தது.

இங்கிலீஷ் கடிதம். எனக்கு ஏது இங்கிலீஷ்? பக்கத்து வீட்டு பிரோஷ்காவிடம் கொண்டுபோனேன். அவள் இங்கிலீஷ் கற்றுக்கொண்டது டிவியில் துப்பறியும் தொடர் பார்த்து. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள், முகம் வெளுத்துவிட்டது. "தேசா, நீ ஆயிரக்கணக்குல ஏதோ 'கமிட்' பண்ணியிருக்கியாம். இந்தச் சொல்லை நான் கொலைக்கும் கொள்ளைக்கும் மட்டும்தான் கேட்டிருக்கேன்," என்றாள். அடுத்த பக்கத்தில் வரி வரியாக ஓர் அட்டவணை. மேலே 'பழி' என்று தலைப்பு. எல்லா வரிக்கும் நேராக தெசாங்கா, தெசாங்கா, தெசாங்கா. "பழியெல்லாம் உன் மேலதான்டி. வக்கீல் யாராவது தெரியுமா?" என்றாள். ஓட்டுத் தொழிற்சாலையில் ஓடு அடுக்கினதைத் தவிர இந்த உலகத்தில் நான் எதையும் செய்ததில்லையே என்று அன்று முழுக்கச் சாப்பிடாமல் இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, கமிட் என்றால் மாற்றத்தைப் பதிவதுதானாம், பழி என்றால் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார் என்று காட்டுகிற பக்கத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே அதுதானாம். நல்லது செய்தவரையும் பழி என்றுதான் காட்டுமாம். என்ன மனிதர்கள்!

கூமே, இதற்கு மூலகாரணம் யார் தெரியுமா? நீங்கள்தான். அந்தக் கணினியை என் தொழிற்சாலைச் சங்கம் மூலமாக வாங்கினோம், ரசீதில் என் பெயர். நீங்கள் அதை மேசையில் வைத்து இணைத்தீர்கள். யார் இதைப் பயன்படுத்தப்போகிறார் என்று அது கேட்டது. நீங்கள் ரசீதைப் பார்த்து 'தெசாங்கா' என்று தட்டினீர்கள். மிலென்கோ அதைக் கடைசிவரை மாற்றவில்லை. அவர் எழுதியது எல்லாம் என் பெயரில் போய் விழுந்திருக்கிறது.

எனவே நான் பிரோஷ்காவை விட்டு எழுதச் சொன்னேன்: ஐயா, எனக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் என் வீட்டுக்காரர் செய்தது, அவர் பெயரைப் போடுங்கள். அதற்கு ஹென்ட்ரிக் என்கிற டச்சுக்காரர், அவர்தான் தலைவர் மாதிரி, பதில் போட்டார். என் தன்னடக்கத்தைப் பார்த்து எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டதாம். திறமையுள்ள பெண்கள் பல பேருக்கு இப்படித் தாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று தோன்றுமாம், அது ஒரு நோயாம், அதைப் பற்றி ஒரு கட்டுரையும் இணைத்திருந்தார். பிரோஷ்கா மொழிபெயர்த்தாள், 'ஏமாற்றுக்காரி நோய்' என்று. "உனக்கு ரொம்ப நாளா இருந்திருக்கு போல, நான்தான் கவனிக்கல," என்று வேறு சொன்னாள்.

ஒரு பெண்ணின் உழைப்பின் மேல் ஆணின் பெயரைப் போடுகிற அநியாயத்தைத் தாங்கள் செய்ய மாட்டோம் என்று முடித்திருந்தார். கீழே இன்னொரு வரி, உங்கள் பணிக்குத் துணையாக நின்ற கணவரின் மறைவுக்கு வருந்துகிறோம் என்று.

துணையாக நின்றவராம். அதைக் கேட்டுவிட்டு வந்து அவருடைய அக்கார்டியன் பட்டறைக் கதவைப் பூட்டினேன். கல் செதுக்குகிறவர் வந்து, கல்லறையில் என் பெயரையும் இப்போதே வெட்டி இறக்கிற வருடத்துக்கு மட்டும் இடம் விட்டுவிடலாமா என்று கேட்டார், எல்லோரும் செய்கிறதுதானே. வேண்டாம், அவர் பெயர் மட்டும் என்றேன். கல்லில் அவர் மட்டும். அவர் செய்த வேலையில் நான் மட்டும். இது என்ன கூத்து?

புதிய பதிவறையில் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போட்டபடி எல்லாம் ஏறுமாம். பிறகு ஒரு பெயரை மாற்ற நினைத்தால் அத்தனை முடிச்சும் அவிழ்ந்துவிடும் என்கிறார்கள். அதனால் ஏற்றுவதற்கு முன்னாலேயே சரியாக இருக்க வேண்டும். இந்தப் புரோகிராம் பிறந்ததை நேரில் பார்த்தவர் உலகத்தில் நீங்கள் ஒருவர்தான். உங்கள் பெயருக்கு அங்கே மரியாதை இருக்கிறது. அது மிலென்கோ எழுதியது என்று ஒரே ஒரு வரி எழுதிப் போடுங்கள். கிட்டைப் பற்றி வேண்டாம். சண்டையைப் பற்றி வேண்டாம். ஒரு வரி.

கடவுள் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

உங்கள் கூமா,
தெசாங்கா


கிகிந்தா,
ஜனவரி, கிறிஸ்துமஸ் முடிந்த வாரம்

மரியாதைக்குரிய கூம் ஓஸ்தோயாவுக்கு,

பண்டிகை வாழ்த்துகள். ஸ்லாவ்காவுக்கு மட்டும் முழு மனதோடு சொல்கிறேன். உங்களுக்குப் பாதி.

நான் ஒரு வரி கேட்டேன். நீங்கள் அவர்களுக்கு இங்கிலீஷில் எட்டுப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள். பிரோஷ்கா அதை என் முன்னால் உட்கார்ந்து படித்தாள், நடுவில் இரண்டு தடவை காபி போட வேண்டியிருந்தது. முதல் ஏழு பக்கம் கிட் ஏன் உயர்ந்தது, அதை நீங்கள் அன்றைக்கே சொன்னீர்கள், மிலென்கோ ஏன் கேட்கவில்லை, கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும். எட்டாவது பக்கத்தில்தான் நான் வருகிறேன். எப்படி வருகிறேன்? "அந்தத் தெசாங்காவுக்கு மவுஸை எந்தப் பக்கம் புடிக்கணும்னுகூடத் தெரியாது. அவ சமைச்சுப் போட்டா, நாங்க சாப்பிட்டோம். அவ்வளவுதான் அவ வேலை."

கூமே, இது உண்மைதான். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் உண்மையை இப்படியா சொல்வது?

அங்கே ஊரே எழுந்து நின்றுவிட்டது. மரியாதைக் குறைவாகப் பேசக்கூடாது என்று அவர்களுக்கு ஒரு விதி இருக்கிறதாம். ஹென்ட்ரிக் எனக்கு எழுதினார்: ஒரு பழைய உறுப்பினர் உங்களை அவமதித்துவிட்டார், நாங்கள் வெட்கப்படுகிறோம், அவரை வெளியேற்றிவிட்டோம் என்று. நீங்களும் மிலென்கோவும் சேர்ந்து பெற்ற பிள்ளையின் வீட்டிலிருந்தே உங்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டார்கள். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கொஞ்ச நேரம் சிரித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்களுக்காக வருத்தப்பட்டேன். இரண்டும் உண்மை.

இப்போது என் நிலைமை முன்னைவிட மோசம். பிரேசிலிலிருந்து பெண்கள் எழுதுகிறார்கள், தைரியமாக இருங்கள் சகோதரி என்று. பின்லாந்தில் யாரோ என் பெயர் போட்டு பனியன் அச்சடித்திருக்கிறார்கள், ஒன்று எனக்கும் வந்தது, பிரோஷ்கா போட்டுக்கொண்டு சந்தைக்குப் போகிறாள். லிஸ்பனில் கூட்டமாம், நான் மேடையில் பேச வேண்டுமாம், என்ன தலைப்பு என்று கேட்கிறார்கள். வேலை விஷயமாக மிலென்கோ அவர்களுக்கு எழுதினதெல்லாம் இரண்டே சொல்தானாம், 'சரிசெய்தது, நன்றி' என்று. அவருக்கு அதற்கு மேல் இங்கிலீஷ் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களோ, வார்த்தையை வீணாக்காத மேதை என்று என்னைப் புகழ்கிறார்கள்.

புனித நிக்கோலா பண்டிகையைத் துக்க வருடம் என்பதால் சத்தமில்லாமல் செய்தேன். கோதுமை வேகவைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, பாதிரியாரும் பிரோஷ்காவும் நானும். நீங்கள் அன்றைக்கு அந்தக் கோதுமையை ஒரு கரண்டிகூட வாயில் வைக்காமல் எழுந்து போனீர்கள். அதை மிலென்கோ யாரிடமும் சொன்னதில்லை. என்னிடம்கூட. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் உங்கள் நாற்காலியில் யாரையும் உட்கார விடமாட்டார். கால் உடைந்திருக்கிறது என்று வந்தவர்களிடம் சொல்வார். நாற்காலிக்கு ஒன்றுமில்லை.

சரி, நடந்ததைச் சொல்கிறேன். உங்கள் எட்டுப் பக்கத்தைப் படித்துவிட்டு, நீங்கள் என்னை மிரட்டித்தான் என் வேலையை என் கணவர் பெயருக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்கள் என்று அவர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அதனால் ரீகாவிலிருந்து இல்ஸே என்று ஒரு பெண்ணை அனுப்புகிறார்கள். பதிவறையை மாற்றுகிற வேலை முழுக்க அவள் கையில்தான். நான் பத்திரமாக இருக்கிறேனா என்று நேரில் பார்த்துவிட்டு, கடைசியாக என் வாயால் கேட்டுக்கொண்டு போய்ப் பெயர்களைப் பூட்டிவிடுவாளாம். அதற்குப் பிறகு எதையும் மாற்ற முடியாது.

நான் என்ன சொல்லி அவளை நம்ப வைப்பேன்? நான் இல்லை என்று சொல்லச் சொல்ல என்னைத் தூக்கி வைக்கிறார்கள். அவர் ஆயுசு முழுக்க அந்த மேசையில் குனிந்து உட்கார்ந்து செய்ததற்கு அவர் பெயர் இல்லாமல் போய்விடும், கூமே. பிள்ளை இருந்தால் பிள்ளை பெயருக்குப் பின்னாலாவது அவர் பெயர் வரும். எங்களுக்கு அதுவும் இல்லை. இது ஒன்றுதான் இருக்கிறது.

தயவுசெய்து இனிமேல் அவர்களுக்கு எதுவும் எழுதாதீர்கள். உதவியாகச் செய்கிறேன் என்றும் செய்யாதீர்கள்.

ஸ்லாவ்காவின் முழங்கால் எப்படி இருக்கிறது?

தெசாங்கா


கிகிந்தா,
பிப்ரவரி கடைசி

அன்புள்ள கூம் ஓஸ்தோயாவுக்கு,

இதை எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். முதல் தடவை காகிதம் நனைந்துவிட்டது. இப்போது பரவாயில்லை.

இல்ஸே வந்தாள். கை நிறையப் பூவோடு, முதுகில் ஒரு பையோடு. நெட்டையான பெண், பேசும்போது குரலே எழும்பாது. வாசலில் வைத்தே என் கையைப் பிடித்து மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள், காயம் ஏதும் இருக்கிறதா என்று. இருந்தது, ஊறுகாய்ப் போத்தல் மூடியைத் திறக்கும்போது கிழித்தது. அதை விளக்குவதற்குள் பிரோஷ்காவுக்கு வியர்த்துவிட்டது.

ஸர்மா சூடாக்கிப் போட்டேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள், அந்த ஓஸ்தோயா உங்களை மிரட்டுகிறாரா என்று. நான் சொன்னேன், "ஓஸ்தோயாவா? அவருக்குக் கோழியைக்கூட மிரட்டத் தெரியாதும்மா. எங்க முற்றத்துச் சேவலுக்குப் பயந்து பின்வாசல் வழியாத்தான் வருவார்." பிரோஷ்கா இதை அப்படியே சொன்னாளா, வேறு ஏதாவது சேர்த்தாளா தெரியாது, இல்ஸே முதல் தடவையாகச் சிரித்தாள்.

பிறகு கணினியைத் திறந்தாள். உங்கள் வாயால் சொல்லுங்கள், நீங்கள் எழுதினதா இல்லையா என்றாள். இல்லை என்றேன். தலையைச் சாய்த்து, பாவம் என்பது போலப் பார்த்தாள். அந்தக் கட்டுரையை அவளும் படித்திருப்பாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் எழுதினேன்னு சொல்றீங்களே, அப்படி என்னதான் எழுதியிருக்கேன், காட்டுங்க பாப்போம்," என்றேன்.

காட்டினாள். இங்கிலீஷில் இருந்தது. இல்லை, எங்கள் எழுத்தில் காட்டு என்றேன். அவர்கள் இத்தனை நாளும் மிலென்கோவின் குறிப்புகளை எந்திரத்தில் போட்டு இங்கிலீஷாக்கித்தான் படித்திருக்கிறார்கள். அவள் எதையோ தட்டினாள், அவர் எழுதினது எழுதினபடியே வந்தது. நான் அவற்றை ஒருநாளும் பார்த்ததில்லை, கூமே. அவர் அதில் என்ன எழுதுகிறார் என்று கேட்டதுகூட இல்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தேன்.

மேல்வரிசைச் சுருதி போப்ராவியோ. மழை பெய்கிறது.
இத்தாலிக்காரனின் புகார் போப்ராவியோ. அவன் சொன்னது சரி, ஆனால் வாய் ஜாஸ்தி.
நேற்றுப் போப்ராவியோ செய்ததை மறுபடியும் போப்ராவியோ. பல்வலி.

கூமே, அவர் குரல். பட்டறையிலிருந்து சமையலறைக்குக் கேட்கிற மாதிரி, அதே முணுமுணுப்பு. நாலைந்து வரி படித்ததும் நிறுத்திவிட்டேன். அப்போதுதான் உறைத்தது. "போப்ராவியோ!" என்று மேசையைத் தட்டினேன். ஸர்மா தட்டு குதித்தது. பிரோஷ்காவுக்குப் புரியவில்லை. அவளுக்கு எப்படிப் புரியும்? ஹங்கேரிக்காரி. அவர்கள் பேச்சில் ஆண் பெண் வித்தியாசமே கிடையாது. இத்தனை வருடம் நம்மோடு இருந்தும் இன்னும் தன்னைப் பற்றி 'சந்தைக்குப் போனவன் நான்' என்றுதான் சொல்கிறாள்.

நான் இல்ஸேக்கு விளக்கினேன். நம் பேச்சில் ஒரு வேலையைச் செய்தேன் என்று சொல்லும்போதே, சொல்வது ஆணா பெண்ணா என்று வால் காட்டிவிடும். சரிசெய்தவன் நான் என்றால் போப்ராவியோ. சரிசெய்தவள் நான் என்றால் போப்ராவிலா. இங்கிலீஷில் போட்டால் அந்த வால் அறுந்துவிடுகிறது. "பாரும்மா, யோ, யோ, யோ. மீசை வெச்ச ஆள் எழுதினது. எனக்கு மீசை இருக்கா?" என்றேன். பிரோஷ்கா, கொஞ்சம் இருக்கிறது என்று சேர்த்துக்கொண்டாள்.

இல்ஸேக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. அவர்கள் மொழியிலும் இது மாதிரி கொஞ்சம் உண்டாம், உடனே பிடித்துக்கொண்டாள். எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு, மன்னித்துவிடுங்கள், நீங்கள் மாதக்கணக்காகச் சொன்னதை நாங்கள் கேட்கவே இல்லை என்றாள். நீங்கள் இந்த ஒரு எழுத்தைச் சொல்லியிருந்தால் போதும், கூமே. எட்டுப் பக்கம் எதற்கு?

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பெண் கெட்டிக்காரி. குறிப்பு எல்லாவற்றையும் வால் பார்த்துப் பிரித்துக் காட்டும்படி கணினிக்கு ஏதோ சொன்னாள். காபி ஆறுவதற்குள் பிரித்துவிட்டது. 'யோ' ஒரு பெரிய குவியல். அப்பாடா என்று எழுந்தேன். இல்ஸே என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். 'லா' என்று இன்னொரு குவியல் இருந்தது.

அவருக்கு மேல்சுருதி கேட்காமல் போனது உங்களுக்குத் தெரியுமா? ஓட்டுத் தொழிற்சாலையில் அத்தனை வருடம் அழுத்தும் எந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற காது. பட்டறைக்கு வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. யாரிடமும் சொல்லக்கூடாது என்றார். சுருதி பார்க்கிறவனுக்குக் காது கேட்கவில்லை என்றால் யார் வேலை கொடுப்பார்கள்? நான் மாவு பிசைந்துகொண்டிருப்பேன், "தேசா, இங்க வந்து இதைக் கேளு" என்பார். மாவுக் கையோடு போய் நிற்பேன். கொஞ்சம் கீழே இருக்கிறது என்பேன். கணினியில் நம்பரை மாற்றுவார். இப்போ? இன்னும் ஒரு மயிரிழை. இப்போ? சரி. திரும்பிப் போய் மாவு பிசைவேன். அதை ஒரு வேலை என்று நான் நினைத்ததே இல்லை. இருமல் வந்தால் தண்ணீர் கொடுப்பது மாதிரி ஒன்று.

அந்தக் குறிப்புகள் எல்லாம் போப்ராவிலா. 'கடைசி ஆறு ரீடு போப்ராவிலா.' 'பிரெஞ்சுச் சுருதி போப்ராவிலா, என்னால் முடியவில்லை.' சரிசெய்தவள் நான் என்று, என் பெயரில், அவர் கையால்.

எல்லாவற்றையும் அவர் பெயருக்கே போடு என்று இல்ஸேயிடம் சொன்னேன். முடியாது என்றாள். "உங்க வீட்டுக்காரர் யார் என்ன செஞ்சாங்கன்னு ஒரு எழுத்துகூடத் தப்பாம எழுதியிருக்கார். அதை மாத்துறதுக்கா நீங்க இவ்வளவு நாள் சண்டை போட்டீங்க?" என்று கேட்டாள். சரி என்றேன். அதனால் யோ எல்லாம் அவருக்கு, லா எல்லாம் எனக்கு. முழுப்பெயரோடு. லிஸ்பனுக்குப் போகமாட்டேன், அதில் மட்டும் உறுதியாக நின்றேன்.

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவதாக ஒரு குவியல் மிச்சம் இருக்கிறது. போப்ராவிலி. சரிசெய்தவர்கள் நாங்கள். ஆரம்ப வருடங்களில் அப்படித்தான் நிறைய இருக்கிறது, அது நீங்கள் இரண்டு பேரும் என்று எனக்கே தெரியும். ஆனால் நீங்கள் எழுந்து போன பிறகும் அது நிற்கவில்லை, கூமே. இல்ஸே தேதியைக் காட்டினாள். நீங்கள் எழுதிய பகுதி எது என்று அவளுக்குத் தெரியும். அதைத் தொட்டபோதெல்லாம், தனியாகத்தான் உட்கார்ந்திருந்தார், என் கண்ணால் பார்த்தேன், ஆனால் 'போப்ராவிலி' என்றே எழுதியிருக்கிறார். போன வருடம், ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம்வரை. சரிசெய்தோம். சரிசெய்தோம். எதிரில் உங்கள் நாற்காலி காலியாக இருக்கிறது.

அது யார் பெயரில் ஏற வேண்டும் என்று இல்ஸே கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன். அந்த 'நாங்கள்' என்பதில் மிச்சம் இருக்கிற ஒருவர்தான் சொல்ல முடியும், அதுவரைக்கும் மாற்றுகிற வேலையை நிறுத்தி வைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். ஹென்ட்ரிக் முணுமுணுக்கிறாராம், அவள் அசையவில்லை. நீங்கள் மன்னிப்புக் கேட்டு எழுதினால் கதவைத் திறந்துவிடுவார்களாம். சின்னதாக எழுதுங்கள். பிரோஷ்காவிடம் முதலில் காட்டுங்கள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். நான் சமைத்தேன், நீங்கள் சாப்பிட்டீர்கள், அதில் என்ன தப்பு?

மார்ச் மூன்றாவது சனிக்கிழமை அவருடைய வருட நினைவுப் பூசை. டிக்கெட் எடுக்கிற வழி ஸ்லாவ்காவுக்குத் தெரியும். வந்து, உட்கார்ந்து, அந்தக் குவியலை ஒவ்வொன்றாகப் பார்த்து யார் பெயருக்கு என்று சொல்லுங்கள். அவசரம் இல்லை, எத்தனை நாள் ஆனாலும் சரி. நான் பக்கத்தில் இருந்து படிக்கிறேன்.

நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், கூமே. எல்லாம் கிட்டுக்கே போகிறது. அதைச் சொல்லிக்காட்ட எதிரில் ஆள் இல்லையே என்று உங்களுக்கு இருக்கும், எனக்குத் தெரியும். வந்து என்னிடம் சொல்லிக்காட்டுங்கள். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும். அவருக்குப் பதிலாக நான் கத்துகிறேன்.

உங்கள் கூமா,
தெசாங்கா